சுர்ப் கிராகோஸ் திறந்தது, எல்லாருக்கும் நன்றி

தியார்பக்கிர் மக்களுக்கும், தூரத்திலிருந்து துணை நின்ற எல்லாருக்கும்,

துருக்கியின் தென்கிழக்கில், தியார்பக்கிரின் சூர் என்ற பழைய கோட்டைப் பகுதியில் இருக்கும் எங்கள் ஆர்மீனியக் கிறிஸ்தவ ஆலயம் சுர்ப் கிராகோஸ், மே 7, 2022 அன்று மறுபடியும் திறந்துவிட்டது. ஏழு பீடங்களையும் ஒருசேரப் பார்த்தபோது வந்த அழுகை இன்னும் அடங்கவில்லை. 2015-16-இல் சூரில் நடந்த சண்டையில் ஆலயம் சேதமானதையும், சுற்றிலும் வீடுகள் இடிக்கப்பட்டதையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. கூடவே இருந்து பார்த்தவர்கள்தானே நீங்கள்.

2011-இல் முதல் திருப்பணி முடிந்தபோது செலவில் ஒரு பங்கை ஏற்ற மாநகராட்சி, அன்றைய மேயர் ஒஸ்மான் பைதெமீர், இஸ்தான்புல்லிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பணம் அனுப்பியவர்கள், கருங்கல் கொத்திய கொத்தனார்கள், ஆலயம் அரசால் கையகப்படுத்தப்பட்டபோது வழக்காடிய வக்கீல்கள், இந்த முறை இடிபாட்டிலிருந்து தூக்கி நிறுத்தியவர்கள்... எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

அப்புறம், எங்கள் சந்தில் குடியிருந்த அந்த அம்மா.

முதல் திருப்பணி நடந்தபோது உள்ளே மின் இணைப்பு கிடையாது. குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும், வேலை பாதியில் நிற்கும். ஒரு சாயங்காலம் அவர் தன் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு வயரை நீட்டி, "விளக்குப் போட்டுக்கோங்க பிள்ளைகளா" என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டு மின்சாரத்தில்தான் வேலை நடந்தது. பணம் கொடுக்கப் போனால் கோபித்துக்கொண்டார். அவர் தொழுகைக்குப் போகிறவர். எங்கள் பூசைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஏன் செய்தீர்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. பக்கத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் இருட்டில் தடுமாறுவது அவருக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். நன்கொடை தந்தவர்கள் பெயர் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த வயர் எந்தக் கணக்கிலும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆலயம் எழுந்துவிட்டது. அவர் வீடு இல்லை, அந்தச் சந்தும் இல்லை. சுற்றி இருந்தவர்கள் நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். எங்களுக்கு மட்டும் திரும்பக் கிடைத்திருக்கிறது என்ற எண்ணம் திறப்பு விழாவிலும் நெஞ்சை அறுத்தது. ஒரு காலத்தில் துணிக் கிடங்காகக் கிடந்த கட்டடம் இது. அதற்கு உயிர் கொடுத்தது வழிபாடு மட்டுமல்ல. 2011-க்குப் பிறகு கச்சேரிக்கும் காலை உணவுக்கும் முற்றத்தில் வந்து உட்கார்ந்த அக்கம்பக்கத்து மக்களும்தான்.

ஆகவே இந்த முற்றம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் திறக்கிற இடமாக இருக்காது. பழைய சூர் வாசிகள் யாராக இருந்தாலும் கூட்டத்துக்கோ கல்யாணப் பேச்சுக்கோ இங்கே வரலாம், வாடகை கேட்க மாட்டோம். காலை உணவை மறுபடி தொடங்குகிறோம். அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் ஆலய அலுவலகத்தில் சொல்லுங்கள். வண்டியோடு நாங்களே போய் அழைத்து வருகிறோம்.