சோம்பேறிகளின் சலவைக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வரிப் பத்தியில், வேலைச் சீருடையை நாமே தோய்ப்பதற்குப் பிரித்தானியாவில் கிடைக்கும் வரிச் சலுகையைப் பற்றி எழுதியவர், கடைசியில் இப்படி ஒரு வசனம் வைத்திருந்தார்: "சோம்பேறித்தனத்தால் நம்மவர்கள் ஆண்டுதோறும் 60 பவுணைக் கைவிடுகிறார்கள்." இரவு வேலை முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்தபடி அதைப் படித்தேன். படித்துவிட்டு எழுந்து போய் என் சீருடையைத் தோய்க்கப் போட்டேன். சோம்பேறியாக இருந்தாலும் மறுநாள் அதைத்தானே போட்டுக்கொண்டு போக வேண்டும்.

முதலில் அந்த 60 பவுணைப் பார்த்துவிடுவோம். அது கையில் வரும் காசு அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வரி போடும்போது வருமானத்திலிருந்து கழித்துவிடும் தொகை அது. 20 வீதம் வரி கட்டுகிறவருக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு 12 பவுண். 40 வீதம் கட்டுகிறவருக்கு 24. கூடச் சம்பளம் வாங்குகிறவருடைய சட்டையில் அழுக்கும் கூடப் படியும் போலிருக்கிறது. போகட்டும், 60 என்பது எல்லாருக்கும் பொதுவானதும் அல்ல. வரித் திணைக்களம் தொழில்வாரியாக ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. தாதியருக்கும் என்னைப் போன்ற பராமரிப்பு உதவியாளருக்கும் 125 பவுண், சீருடை அணியும் பொலிஸாருக்கு 140, விமானிக்கு 1,022. பட்டியலில் பெயர் இல்லாத தொழில்களுக்குத்தான் அந்த 60. இந்த நகரத்தில் நம் பெண்களில் எத்தனை பேர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்கிறார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் யாரையாவது கேட்டிருந்தால், அவர்களின் 125ஐ விட்டுவிட்டு 60 என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

125இல் 20 வீதம் 25 பவுண். வாரத்துக்கு 48 பென்ஸ். அந்த 48 பென்ஸில் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் இல்லத்தில் ஒரு ஐயா இருக்கிறார். காலைத் தேநீரில் பாதி என் நெஞ்சில்தான் விழும். கோபத்தில் துப்புவதில்லை, விழுங்க வேண்டும் என்பதையே மறந்துவிடுகிறார். தேநீர் காய்வதற்குள் பக்கத்து அறை அம்மாவுக்கு மசித்த கரட் ஊட்ட வேண்டும். மதியத்துக்குள் என் இளநீல மேற்சட்டை என்ன நிறத்தில் இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். வீட்டு உடுப்புகளோடு அதைக் கலக்க முடியாது. தனியாக, 60 பாகை வெந்நீரில் ஓட விட வேண்டும். கறை போகிறதோ இல்லையோ, துணி நைந்து பைத் தையல் விட்டுப்போகும். மேலாளர் தந்தவை இரண்டே இரண்டு. மூன்றாவதை என் காசில் வாங்கினேன். முதன்முதலில் வாங்கும் செலவுக்குச் சலுகை இல்லை. தோய்க்கவும் தைக்கவும், கிழிந்துபோனதற்குப் பதில் வாங்கவும் மட்டும்தான். இந்த விதியும் உங்கள் பத்தியில் இல்லை.

என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா வாரம் 16 மணித்தியாலம்தான் வருகிறார். அவருடைய ஆண்டு வருமானம் 12,570 பவுணைத் தாண்டாது, ஆகவே வரி இல்லை, ஆகவே சலுகையும் இல்லை. அதே ஐயாவின் அதே தேநீர்தான் அவர் சட்டையிலும் விழுகிறது. அவரையும் சேர்த்துத்தான் சோம்பேறி என்றீர்களா?

பராமரிப்பு வேலைக்கு வருவதற்கு முன் நான் ஒரு உணவகத்தில் பரிமாறினேன். கறுப்புக் களிசான், கறுப்புச் சப்பாத்து, வெள்ளைச் சட்டை, எல்லாம் சொந்தச் செலவில். அதற்கு ஒரு பென்னி கோர முடியாது. அது சாதாரண உடுப்பாம், தெருவிலும் போடலாமாம். சட்டம் படித்த என் மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். 1983இல் மல்லலியூ என்ற பெண் வழக்கறிஞர், நீதிமன்றத்துக்காகவே வாங்கிய கறுப்பு உடைகளின் செலவைக் கழிக்கக் கேட்டு, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றிருக்கிறார். உடுப்பு என்றால் குளிருக்கும் மானத்துக்கும் உதவுகிறதே, வேலைக்கு மட்டும் என்று எப்படிச் சொல்வது என்று தீர்ப்பாம். வழக்கறிஞருக்கே அந்தக் கதி. கடை அடைத்த பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மானத்தைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

சரி, என்னைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்தப் பத்தியின் நடுவில் இருந்த ஆலோசனை. "பாதுகாப்புச் சப்பாத்து, தலைக்கவசம், கையுறை வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள், அவற்றையும் கோரலாம்" என்று எழுதியிருக்கிறார். கோர முடியாது. பாதுகாப்பு உடுப்புக்கு வரிச் சலுகை கிடையாது. ஏனென்றால் அதை வேலை தருகிறவர் இலவசமாகத் தர வேண்டும், அல்லது நம்மை வாங்கச் சொல்லிவிட்டு முழுக் காசையும் திருப்பித் தர வேண்டும். 1974ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தில் 9ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 2022 ஏப்ரல் 6இலிருந்து, நிரந்தர ஊழியர் அல்லாத, அழைத்தால் போய்ச் செய்யும் வேலையாட்களில் பலருக்கும் பாதுகாப்பு உடுப்பு கொடுக்க வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள்.

என் கணவருக்கு இது பதினொரு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. களஞ்சிய வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், முன்பக்கம் இரும்பு வைத்த சப்பாத்துக்கு என்று 38 பவுணைச் சம்பளத்தில் வெட்டினார்கள். சம்பளத் துண்டில் "பூட்ஸ்" என்று ஒரே ஒரு சொல். சப்பாத்து தேயத் தேய, வெட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எப்போதாவது வரியில் திரும்ப வாங்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, அந்தத் துண்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தார். அதாவது உங்கள் பத்தி இன்று சொல்வதைத்தான் அவர் அன்றே செய்தார். கணக்காளர் தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இதை நீங்கள் வரித் திணைக்களத்திடம் அல்ல, முதலாளியிடம் கேட்டிருக்க வேண்டும்" என்றார். அந்த முதலாளி கம்பனியை மூடிவிட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பத்தி இருந்த அதே பக்கத்தில், கீழே, வரியைத் திரும்பப் பெற்றுத் தருவதாக ஒரு முகவர் நிலையத்தின் கால் பக்க விளம்பரம். மேலே சோம்பேறி என்கிறீர்கள். கீழே சோம்பேறிகளுக்கு வழி காட்டுகிறீர்கள். 2021இல் கோவில் மண்டபத்தில் மேசை போட்டு இருந்த இப்படிப்பட்ட ஒரு தம்பியிடம் நான் கையெழுத்து வைத்தேன். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கோரலாம் என்பதால் 100 பவுண் வந்தது. என் கைக்குக் கிடைத்தது 52. போதாததற்கு, எனக்கு வர வேண்டிய பணம் நேரே அவர்களுக்கே போகும்படி உரிமை மாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படி மாற்றிக் கொடுப்பது 2023 மார்ச் 15இலிருந்து செல்லாது என்று சட்டம் வந்துவிட்டது. அப்போதே இதைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை. அந்த வாரம் பூப்புனித நீராட்டு வாழ்த்துகள் நான்கு பக்கங்களுக்கு வந்திருந்ததால் இடம் இருந்திருக்காது என்று விளங்கிக்கொண்டேன்.

இப்போது நானே கோரிவிட்டேன். வரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில், மகள் பக்கத்தில் இருக்க, தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. எவ்வளவு வருமானத்துக்கு வரி இல்லை என்று காட்டும் என் வரிக் குறியீடு 1257எல் ஆக இருந்தது 1269எல் ஆக மாறி, ஒரு கடிதமும் வந்தது. இனி ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டியதில்லை. இலகுதான், மறுக்கவில்லை. ஆனால் இலகு என்று சொல்லித் தர மகள் இருந்தாள். இல்லாதவர்களுக்காகத்தானே உங்கள் பத்திரிகை?

ஆகவே அடுத்த இதழில், பத்தி வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், நான்கு வரி போடுங்கள். 60 என்பது கிடைக்கும் காசு அல்ல. பராமரிப்பு வேலையாளருக்கு அது 125. பாதுகாப்புச் சப்பாத்துக்கு முதலாளியைக் கேளுங்கள், வரித் திணைக்களத்தை அல்ல. முகவர் தேவையில்லை. இவற்றுக்குக் கீழே அந்த விளம்பரம் வராமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும். அது உங்கள் வருமானம், வற்புறுத்த மாட்டேன்.

பத்தி எழுதியவர் விரும்பினால் என் கணவரின் பிஸ்கட் தகரத்தை அனுப்பி வைக்கிறேன். தபால் செலவு என்னுடையது.

இங்ஙனம்,
உங்கள் பத்திரிகையைப் பத்தொன்பது ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கும் ஒரு வாசகி,
இலண்டன்