வீட்டுப் பத்திரம் குறித்து மகனுக்கு

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். வீட்டை உன் பெயருக்கு செட்டில்மென்ட்டாக, அதாவது இப்போதே தானமாக, எழுதித் தர எனக்குச் சம்மதம்தான். ஆனால் நீ அனுப்பிய வரைவில் ‘அன்பு, பாசத்தின் காரணமாக’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லாததால், இரண்டு ஷரத்துகளைச் சேர்க்கும்படி பத்திர எழுத்தரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் இருவரின் ஆயுள் வரை வீட்டில் குடியிருக்கவும் மாடி வாடகையைப் பெறவும் எங்களுக்கு உரிமை உண்டு என்பது ஒன்று; எங்கள் உணவு, மருத்துவம் முதலிய அடிப்படைத் தேவைகளை நீ கவனிக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாவது உன்னை வருத்தக்கூடும் என்பதால் காரணத்தை எழுதுகிறேன். தானமாகப் பதிந்து கொடுத்த சொத்தை, கொடுத்தவர் மனம் மாறினார் என்பதற்காக மட்டும் திரும்பப் பெற இயலாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்டதாகக் கருதி, அதைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது நம் மாநிலத்தில் கோட்டாட்சியருக்கு, அளித்திருக்கிறது. வழக்கெல்லாம் அந்த நிபந்தனை இருந்ததா என்பதில்தான் வருகிறது. அது இருந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலச் சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பித் தந்தது. அவரிடம் மகன் தனியே எழுதிக் கொடுத்த உறுதிமொழியும் இருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமுமே மறைமுகமான நிபந்தனைதான் என்றது. ஆக, உன் வரைவே போதும் என்று ஒருவர் வாதிடலாம். தள்ளாத வயதில் வாதாடித்தான் அதை நிலைநாட்ட வேண்டும் என்றால், இப்போதே இரண்டு வரி எழுதிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

அந்தச் சென்னை வழக்கில் சொத்தை வாங்கிய மகன் இறந்துவிட, அதன்பின் மருமகள் கவனிக்காததால்தான் மூதாட்டி முறையிட்டார். இதை உனக்கு எழுதவே கை கூசுகிறது. ஆயினும் பத்திரம் என்பது நம் இருவரோடு முடிந்துவிடுவதில்லை.

உயிலாக எழுதினால் நான் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்கு வசதி. ஆனால் நீ கேட்கும் வங்கிக் கடனுக்கு அது பயன்படாது.

திருத்திய வரைவை இத்துடன் அனுப்புகிறேன். மருமகளிடமும் காட்டு. கடனுக்கு முதல் ஷரத்து தடையாகுமா என்று வங்கியில் கேட்டு எழுது. பதிவுக்கான நாளை அதன்பின் குறிப்போம்.

அன்புடன்,
அப்பா