புது விடுதி கட்டும் கல்லூரி நிர்வாகங்களுக்கு: வைஃபை பெட்டியை வராந்தாவில் மாட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் கல்லூரிகளுக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்து வைஃபை மாட்டிக் கொடுப்பது என் தொழில். புது விடுதி என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெயிண்ட் வரை முடிந்திருக்கும். அப்புறம்தான் கேள்வி வரும்: "ஆக்சஸ் பாயிண்டை சீலிங்கில் மாட்டலாமா, சுவரில் மாட்டலாமா?" ஆக்சஸ் பாயிண்ட் என்றால் வைஃபை சிக்னலை வீசும் பெட்டி. நான் வாய் திறப்பதற்குள் வராந்தா சீலிங்கைக் கை காட்டிவிடுவார்கள். கேபிள் அங்கேதான் ஓடுகிறது, அறைக்குள் எதையும் உடைக்க வேண்டாம், வரிசையாக மாட்டினால் பார்க்கவும் லட்சணமாக இருக்கும். இந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இரவு ஸ்டடி ஹவர் முடிந்த பிறகு உங்கள் விடுதி மாடியில் ஒரு நடை நடந்து பாருங்கள். பையன்கள் வராந்தாத் தரையில் சுவரில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காற்றுக்காக வந்தவர்கள் அல்ல. அறைக்குள் கட்டிலுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதையும் தாண்டினால் இரும்பு பீரோ. சிக்னலில் மூன்று டெசிபெல் குறைந்தாலே சக்தி பாதியாகிவிடும். ஒரு செங்கல் சுவர் அதைவிட நிறையத் தின்னும். இரும்பு பீரோ வந்த சிக்னலைத் திருப்பியே அனுப்பிவிடும்.

இதைவிட மோசமான விஷயம் வராந்தாவிலேயே நடக்கிறது. அங்கே தடுக்க ஒன்றும் இல்லாததால் ஒரு பெட்டி பேசுவது அடுத்த பெட்டிக்கு மட்டுமல்ல, கோடியில் இருக்கும் பெட்டிக்கும் தெளிவாகக் கேட்கும். வைஃபைக்கு ஒரு நாகரிகம் உண்டு. அதே சேனலில், அதாவது அதே அலைவரிசையில், வேறு யாராவது பேசினால், முடியும் வரை காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு மாடியில் எட்டுப் பெட்டி மாட்டினால் பாதி நேரம் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கும். கேட்க வேண்டிய அறைக்குக் கேட்காது, கேட்கக்கூடாத பக்கத்துப் பெட்டிக்கு நன்றாகக் கேட்கும். வார்டன் வராந்தாவில் நின்று போனைப் பார்த்துவிட்டு, "கட்டம் ஃபுல்லா இருக்கே, பசங்க சும்மா சொல்றாங்க" என்பார்.

சரி, சீலிங்கா சுவரா? எந்தப் பெட்டி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வட்டமாக, தட்டையாக வரும் வழக்கமான பெட்டி சீலிங்குக்கென்றே செய்தது. அதன் சிக்னல் தோராயமாக ஒரு உளுந்து வடை வடிவில் பரவும். சீலிங்கில் மாட்டினால் வடை படுத்த வாக்கில் இருக்கும், அந்த மாடி முழுவதும் பரவும். அதையே சுவரில் அறைந்தால் வடை நிமிர்ந்து நின்றுவிடும். ஒரு பங்கு மேல் மாடிக்கும் இன்னொரு பங்கு கீழ் மாடிக்கும் போய், அங்கே இருக்கும் பெட்டிகளோடு சண்டை பிடிக்கும். சுவரைத் தவிர வழியே இல்லை என்றால் எல் வடிவக் கிளாம்ப் போட்டு, பெட்டியின் முகம் தரையைப் பார்க்கும்படி மாட்டச் சொல்லுங்கள்.

சுவருக்கென்றே தனி ரகம் இருக்கிறது. ஸ்விட்ச் போர்டு மாதிரி ஜங்ஷன் பாக்ஸ் மேலேயே உட்காரும், சிக்னலை முன்பக்கமாக அறைக்குள் தள்ளும். ஹோட்டல் அறைகளுக்காக வந்தது இது. விடுதி அறைகளுக்கும் இதுதான் என் தேர்வு. ஒன்றுவிட்டு ஒரு அறையில், லிண்டல் உயரமான ஏழடியில், பீரோ நிற்காத சுவரில் வையுங்கள். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால் பக்கத்து அறையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மேல் மாடியில் அதே அறைக்கு நேர் மேலே வராமல் ஓர் அறை தள்ளி வையுங்கள். ஏழடி என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கை எட்டினால் பையன்கள் கொடிக்கயிறு கட்டித் துண்டு காயப் போட்டுவிடுவார்கள்.

இத்தனை பெட்டி வைத்தால் மோதாதா என்று கேட்பீர்கள். 2.4-ஐப் பெரும்பாலான பெட்டிகளில் அணைத்துவிடலாம். 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட சேனல்கள் கிடைக்கின்றன. அந்தப் பட்டை சுவரைத் தாண்டத் திணறும் என்று குறை சொல்வார்கள். பெட்டி அறைக்குள்ளேயே இருந்தால் அந்தக் குறைதான் நமக்கு லாபம்.

சீலிங்கை நான் ஒதுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடம், படிப்பறை, வகுப்பறை எல்லாவற்றுக்கும் சீலிங்தான் சரி. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், அது சிக்னலை உறிஞ்சும். இருநூறு பேர் நிற்கும் மெஸ்ஸில் சுவரில் ஆளுயரத்தில் மாட்டினால் முன்னால் நிற்பவர்களோடு முடிந்துவிடும். மேலிருந்து பார்த்தால் எல்லார் தலையும் தெரியும். ஆனால் ஃபேன் றெக்கைக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். இரண்டு ஃபேனுக்கு நடுவில் இடம் இருக்கும். கடைசி மாடியில் மட்டும் எனக்குத் தயக்கம். ஏப்ரல், மே வெயிலில் காய்ந்த காங்கிரீட் தளத்தோடு ஒட்டிக் கிடக்கும் பெட்டி நாள் முழுக்க வேகும். பல மாடல்களுக்கு உச்சவரம்பே 40 முதல் 50 டிகிரி வரைதான். இருபத்தைந்து அடி உயர ஆடிட்டோரியத்துக்கும் சீலிங் வேண்டாம். பக்கச் சுவரில், ஒரு திசையில் மட்டும் வீசும் ஆண்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் பூச்சு வேலைக்கு முன்பே நெட்வொர்க் ஆளைக் கூப்பிட வேண்டும். சீலிங்குக்குப் போகும் பைப் என்றால் இன்னும் முன்னால், தளம் போடக் கம்பி கட்டும்போதே. கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே கேட் 6 எனும் நெட்வொர்க் கேபிளையும் திணித்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தனிப் பைப் வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் போகும் கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நீண்ட கட்டடம் என்றால் மாடிக்கு ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் கருவி) வைத்து, பெட்டிக்கான கரண்டையும் அதே கேபிளில் அனுப்பிவிடலாம்.

டெண்டரில் ஒரு வரி சேருங்கள். ஒவ்வொரு அறையிலும் கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்து அளந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல அளவு வர வேண்டும். டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. வந்த பிறகே கடைசி பில். என்னைப் போன்ற ஒப்பந்ததாரர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஏற்கெனவே வராந்தாவில் மாட்டிவிட்டவர்கள் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பழைய கட்டடங்களில் பெரும்பாலும் கதவுக்கு மேலே வென்டிலேட்டர் இருக்கும். அது வழியாகக் கேபிளை உள்ளே விட்டு, பிவிசி கேசிங்கில் மூடி, பெட்டியை அறை சீலிங்குக்கு மாற்றுங்கள். விடுமுறையில் ஒரு மாடியில் மட்டும் செய்து பார்த்துவிட்டு மற்ற மாடிகளைத் தொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து நெட்வொர்க் ஒப்பந்ததாரர்