சாலமன் பர்க்கின் நான்கு நாள்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அறுபதைத் தாண்டிய பாடகரை வைத்து முழு ஆல்பம் பதிவு செய்யப் போகிறாய் என்பது நல்ல செய்தி. எதை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால் அமெரிக்க சோல் பாடகர் சாலமன் பர்க்கின் 'டோன்ட் கிவ் அப் ஆன் மீ', 2002. சோல் என்றால் தேவாலயப் பாட்டும் ப்ளூஸும் கலந்த கறுப்பின இசை. இன்னொரு சோல் பாடகர் ஆல் கிரீனைப் பற்றியும் கேட்டாய், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பர்க் 1960-இல் அட்லாண்டிக் இசைத்தட்டுக் கம்பெனிக்கு வந்தவர். 'க்ரை டு மீ' 1962-இல் வெளியானது. பிரசங்க மேடையில் பழகிய குரல், கடைசிவரை அவர் பிஷப்பும்கூட. நாற்பது வருடம் கழித்து ஃபேட் பாசம் என்ற சின்ன நிறுவனத்துக்காக ஜோ ஹென்றி இந்த ஆல்பத்தைத் தயாரித்தார். பதிவு நான்கே நாளில் முடிந்தது. ஜே பெல்லரோஸ் டிரம்ஸ், டேவிட் பில்ச் பேஸ், கிறிஸ் புரூஸ் கிட்டார், ரூடி கோப்லாண்ட் ஆர்கன். இவ்வளவுதான் அடிப்படைக் கூட்டம். கோப்லாண்ட் பர்க்கின் தேவாலயத்தில் வாசித்தவர். பர்க் எங்கே மூச்சு எடுப்பார், எங்கே வரியை இழுப்பார் என்பது அவருக்குத் தெரியும். பாடகர் நிறுத்தினால் ஆர்கனும் நிற்கிறது, அவர் எழுந்தால் கூடவே எழுகிறது. உன் பாடகரோடு பல வருடம் வாசித்த ஒருவரையாவது குழுவில் சேர். மற்ற மூன்று பேரும் புதியவர்களாக இருந்தால் பாதகமில்லை.

அடுத்தது பாட்டுகள். பழைய ஹிட்களைத் திரும்பப் பாட வைக்கவே இல்லை. பாப் டிலன், வான் மாரிசன், டாம் வெய்ட்ஸ், எல்விஸ் காஸ்டெலோ, பிரையன் வில்சன், நிக் லோ ஆகியோரின் பாட்டுகள் வந்தன. பெரும்பாலானவை அதுவரை யார் குரலிலும் இசைத்தட்டாக வராதவை. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பழைய பாட்டைப் பாடினால் கேட்பவர் காதில் இருபத்திரண்டு வயதுக் குரல் போட்டிக்கு வந்து நிற்கும், அதை எந்த மிக்ஸாலும் ஜெயிக்க முடியாது. புதுப் பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. தலைப்புப் பாட்டு பாடலாசிரியர் டான் பென் இரண்டு பேரோடு சேர்ந்து எழுதியது. பிழை செய்துவிட்டுப் பொறுத்துக்கொள் என்று கேட்கிற வரிகள். அறுபது வயதுக்காரர் பாடும்போது அதற்கு வேறு எடை. இந்த ஆல்பத்துக்கு 2003 கிராமி கிடைத்தது, ஆனால் தற்கால ப்ளூஸ் பிரிவில்! சோல் ஆல்பத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று அவர்களுக்கே குழப்பம் போலிருக்கிறது.

இனி உன் வேலைக்கு வருகிறேன். எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பாட்டையும் வாத்தியங்களோடு சேர்த்துப் பிடி. அப்படிச் செய்தால் குரல் மைக்கில் டிரம்ஸும் ஆர்கனும் கட்டாயம் கசியும். பிறகு குரலுக்குப் பிட்ச் கரெக்ஷன், அதாவது கணினியில் ஸ்ருதித் திருத்தம், போட்டால் கசிந்த ஆர்கனும் சேர்ந்து நகரும். ஆர்கன் டிராக்கில் அதே சுரம் நகராமல் இருக்குமா, இரண்டும் உரசி இரட்டைச் சத்தம் கேட்கும். ஆகவே திருத்தலாம் என்ற நினைப்பையே விட்டுவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடவையில் பாடிய முழு டேக்கைத் தேர்ந்தெடு. கசிவைக் குறைக்கவேண்டுமானால் முன்னாலும் பின்னாலும் மட்டும் ஒலியை வாங்குகிற எட்டு வடிவ மைக் வை. அதன் இரண்டு பக்கவாட்டிலும் காது கேட்காது, டிரம்ஸை அந்தப் பக்கம் திருப்பு. வாயிலிருந்து மைக் ஒரு சாண் தூரம் என்றால் அடுத்த மைக் மூன்று சாணுக்கு மேல் தள்ளி இருக்கட்டும். அதைவிட முக்கியம், டிரம்ஸ் வாசிப்பவர் மெல்ல அடிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். அவர் ஓங்கி அடித்தால் எந்தக் கணக்கும் உதவாது.

ஸ்ருதியைப் பழைய இசைத்தட்டைப் பார்த்து முடிவு செய்யாதே. அரைக் கட்டை, தேவைப்பட்டால் ஒரு கட்டை இறக்கு. வயதானால் மேல் சுரங்கள் மெலியும், கீழ்ச் சுரங்கள் கனக்கும். அந்தக் கனத்தைத்தான் நாம் விற்கிறோம். ஆனால் ஒன்றரைக் கட்டைக்கு மேல் இறக்கினால் குரல் சோம்பிவிடும், உச்சத்தில் இருக்கவேண்டிய சின்னத் தவிப்பும் போய்விடும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்குகிற கம்ப்ரஸர் 2:1, மூன்று டெசிபலுக்கு மேல் அமுங்க வேண்டாம். அதிகம் அமுக்கினால் மூச்சுச் சத்தம் முன்னால் வந்து நிற்கும், பாடகர் இளைப்பதுபோல் தோன்றும். ஹெட்போனில் வாத்தியம் சத்தமாக இருந்தால் பெரும்பாலும் ஸ்ருதி இறங்கும். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடச் சொல். ஒரு பாட்டுக்கு மூன்று டேக், அதற்குள் வராவிட்டால் அடுத்த பாட்டுக்குப் போ. ஐந்தாவது டேக்கில் சுரம் சரியாக இருக்கும், அர்த்தம் ஓடிப்போயிருக்கும்.

ஆல் கிரீன் இதற்கு நேர் எதிர் வழி. 'ஐ கான்ட் ஸ்டாப்' 2003-இல் வந்தபோது அவருக்கு 57 வயது. மெம்ஃபிஸில் பழைய சினிமா கொட்டகையாக இருந்த ராயல் ஸ்டுடியோ, பழைய தயாரிப்பாளர் வில்லி மிட்செல், எழுபதுகளில் அவருக்கென்றே வைத்திருந்த அதே ஒன்பதாம் எண் மைக். கொட்டகைக் காலத்துச் சரிவான தரைகூட அங்கே அப்படியே இருக்கிறது. அவருடைய மெல்லிய உச்சக் கள்ளக்குரலும் வியக்கத்தக்க அளவுக்கு மிச்சமிருக்கிறது. ஆனாலும் கேட்கக் கேட்க அவருடைய 1972 பாட்டுகள் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும், அதுதான் சிக்கல். 2008-இன் 'லே இட் டௌன்' எனக்கு இன்னும் பிடிக்கும். குவெஸ்ட்லவும் ஜேம்ஸ் பாய்சரும் சேர்ந்து தயாரித்தார்கள். அந்தப் பழைய ஓசையைக் கேட்டே வளர்ந்த அடுத்த தலைமுறை அவர்கள். கிரீனை மெல்லப் பாட வைத்தே காரியத்தைச் சாதித்துவிட்டார்கள்.

முதலில் பர்க்கின் 'நன் ஆஃப் அஸ் ஆர் ஃப்ரீ' கேள். அலபாமாவின் பிளைண்ட் பாய்ஸ் என்ற தேவாலயப் பாட்டுக் குழு பின்குரல் கொடுத்தது. நான்கைந்து முதிய குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் எப்படி இடம் விட்டுப் பாடுகின்றன என்று கவனி. உன் ஆல்பத்தில் பின்குரலுக்கு இளம்பெண்களைக் கூப்பிடுவதாக எழுதியிருந்தாயே, அதை ஒருமுறை யோசி. ஆர்கனுக்கு ஆள் கிடைத்தாரா? ஆர்கனுக்கான சுழலும் ஒலிபெருக்கியான லெஸ்லி பெட்டி வாடகைக்கு எடுத்தால் மைக் மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே வைப்பதைக் காற்று அடிக்காதபடி கொஞ்சம் தள்ளி வை.

அன்புடன்,
உன் நண்பன்