சீலிங் அடிப்பதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கும் அப்படியே என்று தங்கச்சி போனில் சொன்னாள். மகாராஜா நகர் வீட்டில் சென்ட்ரல் ஏசியின் காற்று போகும் டக்ட் வேலை முடிந்து, அடுத்த வாரம் ஃபால்ஸ் சீலிங் அடிக்கப் போகிறார்கள் என்றும் அவள் சொன்னதால்தான் இதை இன்றே எழுதுகிறேன். பலகை மேலே ஏறுவதற்குள் எங்கள் வீட்டில் நடந்ததை நீ முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கத்திரி தொடங்கியபோது எங்கள் சென்ட்ரல் ஏசி படுத்துவிட்டது. காலையில் ஓரளவு குளிரும். மத்தியானத்தில் கிரில்லில் கையை வைத்தால் காற்று வருவதே தெரியாது. மொட்டை மாடி யூனிட்டுக்குள் போகும் தடித்த செம்புக் குழாயில் வெள்ளை வெளேரென்று ஐஸ் பிடித்திருந்தது. முதலில் வந்த மெக்கானிக் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, பிரஷர் இறங்கிவிட்டது, கேஸ் போட வேண்டும், அதற்கும் சரியாகவில்லை என்றால் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்றார். ஏசியில் உள்ள கேஸ் எரிந்து தீர்வதில்லை; மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுவது. குறைந்திருந்தால் அது எங்கோ ஒழுகியிருக்க வேண்டும். எங்கே ஒழுகியது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அண்ணாச்சிதான் பிறகு மேலப்பாளையத்திலிருந்து வேறொருவரை அனுப்பிவைத்தார்.

வந்தவர் கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. கம்ப்ரசரை நிறுத்தி, காற்றைத் தள்ளும் ப்ளோயரை மட்டும் ஓடவிட்டு, ஐஸ் முழுவதும் உருகும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கேஸ் குறைந்தாலும் பிரஷர் இறங்கும், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயில் வழியே போதிய காற்று போகாவிட்டாலும் பிரஷர் இறங்கும். இரண்டிலும் காயில் 0 டிகிரிக்குக் கீழே போய், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைந்துவிடும். ஆகையால் கேஜை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது என்றார். காயிலிலிருந்து திரும்பும் குழாயின் சூட்டை அளந்து, அந்தப் பிரஷரில் கேஸ் கொதிக்க வேண்டிய சூட்டோடு ஒப்பிட வேண்டுமாம். இடைவெளி மிகுந்திருந்தால் கேஸ் குறைவு, இடைவெளியே இல்லாமல் சுருங்கியிருந்தால் காற்றுக் குறைவு. எங்களுடையது இரண்டாவது. அந்த நிலையில் கேஸை ஏற்றியிருந்தால், ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குள் புகுந்து, நல்ல கம்ப்ரசரையே உடைத்திருக்கக்கூடும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது. மேலே பார்ப்பதற்கு ஜிப்சம் பலகையை அறுக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் காயிலும் ப்ளோயரும் உள்ள மெஷினுக்குக் கீழே கை நுழைய ஒரு கதவுகூட வைக்கவில்லை. ஃபில்டருக்கும் மெஷினுக்கும் நடுவில், அறைக் காற்றைத் திரும்ப மெஷினுக்குக் கொண்டுவரும் ரிட்டர்ன் டக்டின் இணைப்பு ஒன்று விரல் போகும் அளவுக்கு விலகி, ஒட்டியிருந்த துணி டேப் காய்ந்து சுருண்டு தொங்கியது. ஆண்டுதோறும் ஆனி, ஆடிக் காற்றில் வந்து சீலிங்குக்கு மேலே தங்கிய புழுதியை மெஷின் அந்த இடுக்கு வழியாக, ஃபில்டரைத் தொடாமலே இழுத்துக்கொண்டிருக்கிறது. காயிலின் அலுமினியத் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. அவர் ஸ்க்ரூடிரைவரால் ஓர் ஓரத்தை நெம்பியபோது சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல அது முழுசாக உரிந்து வந்தது. மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அப்பா அந்த ஹாலில்தான் படுத்திருக்கிறார். அந்தக் காற்றைத்தான் அவர் சுவாசித்திருக்கிறார். அன்றிரவு நான் தூங்கவில்லை.

காயிலைக் கழுவி, இணைப்பை மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை பூசி அலுமினிய ஃபாயில் டேப்பால் அடைத்தார்கள். ப்ளோயர் மோட்டார் ஓட உதவும் கெப்பாசிட்டரில் 10 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் 7 தான் காட்டியது, அதாவது அது வலுவிழந்திருந்தது. கரண்டை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் அவர் அதைக் கழற்றினார். இப்போது ரிட்டர்னில் 27 டிகிரி, கிரில்லில் 17 டிகிரி. கேஸ் ஒரு கிராம்கூட ஏற்றவில்லை.

எல்லாவற்றையும் மேஸ்திரி தலையில் போட்டுவிட்டு இருந்துவிடாதே. மெஷினின் நீள அகலத்துக்குக் குறையாமல் ஒரு கதவு வேண்டும் என்று சொல். அழகு கெடும் என்பார்கள், கெடட்டும். செம்புக் குழாயை நைட்ரஜன் அடைத்து ஒழுக்கு இருக்கிறதா என்று சோதித்து, உள்ளேயுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, வேக்குவம் மீட்டர் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி நிற்பதைப் பார்த்த பிறகே கேஸைத் திறக்க வேண்டும். காயிலில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வடியவிடும் தட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, தேங்காமல் வடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ஒவ்வோர் இணைப்பையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பலகை ஏறிவிட்டால் இது எதுவும் நடக்காது.

சீலிங் வேலையை ஞாயிற்றுக்கிழமை வரை நிறுத்திவைக்கச் சொல். மேலப்பாளையத்துக்காரரைச் சனிக்கிழமை நானே அழைத்துப் போகிறேன். வீட்டுச் சாவியை அண்ணாச்சி கடையில் கொடுத்துவைக்கத் தங்கச்சியிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் வண்ணார்பேட்டை மாப்பிள்ளை