கல்யாணத்துக்கு முன் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ கட்டப்போகும் சீனப் பெண் வீட்டில், மணமக்கள் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் அந்தத் தேநீர்ச் சடங்குக்கு நாள் குறித்தாயிற்று என்று கேள்விப்பட்டேன். சித்தி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம், மூன்றாம் நாள் "சீனர் வீட்டுக்கு என்ன கலர் புடவை கட்டுவது?" என்று கேட்டாராம். அப்படியானால் சாமி மலையேறிவிட்டது, கவலைப்படாதே. சிவப்புக் கட்டச் சொல்.

சாமி, சாப்பாடு, பாஷை என்று பெரிய விஷயங்களுக்கு எல்லோரும் முன்கூட்டியே தயாராகிவிடுவார்கள். நான் தடுக்கி விழுந்தது ஒரு கவரில். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரின் சீனச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு, நம் வீட்டு வழக்கப்படி 101 வெள்ளி (ரிங்கிட்) மொய் வைத்து, வெள்ளைக் கவரில் எடுத்துப் போனேன். காரில் மாமியார் அதை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு வெள்ளியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மீதியைத் தன் கைப்பையிலிருந்த ஆங்பாவில், அதுதான் சீனர்கள் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்புக் கவரில், போட்டார். வெள்ளைக் கவரும் ஒற்றைப்படைத் தொகையும் அவர்களுக்குத் துக்க வீட்டுக்கு உரியவை என்று ராத்திரிதான் என் வீட்டுக்காரர் சொன்னார். நமக்கு அந்த ஒரு வெள்ளி இல்லாவிட்டால் மொய்யே முழுமை இல்லை. கல்யாண வீட்டுக்கு எழவுப் பணம் கொண்டுபோனவள் உன் அக்கா!

அப்புறம், சாப்பாட்டு மேசை. அங்கே இளையவர்கள் ஒவ்வொரு பெரியவரையும் முறை சொல்லிச் சாப்பிட அழைத்த பிறகுதான் கிண்ணத்தைத் தொடுவார்கள். நீ பாட்டுக்குத் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிடாதே. பெண் வீட்டார் ஹொக்கியன் பேசும் சீனர்கள்தானே? அப்பாவின் அண்ணன் ஆ பேக், தம்பி ஆ செக், அப்பாவின் சகோதரி ஆ கோர், அம்மாவின் சகோதரர் ஆ கூ. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று நாம் பிரித்துச் சொல்வதைத்தான் அவர்களும் பிரித்துச் சொல்கிறார்கள். நீங்கள் இருவரும் ஆங்கிலத்தில் பேசிப் பழகியதால் எல்லாரையும் அங்கிள், ஆண்டி ஆக்கி வைத்திருக்கிறீர்கள்.

"நம் குடும்பத்தில் இல்லாத வழக்கம்" என்று சித்தி மறுபடி ஆரம்பித்தால், தோட்டத்தில் பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்த கிழவியை நினைவுபடுத்து. அந்தக் காலத்தில் சீனர்கள் தமிழர் வீடுகளுக்குத் தத்துக் கொடுத்த பெண் குழந்தைகளில் அவரும் ஒருவர். புடவை, பொட்டு, நம்மைவிட நல்ல தமிழ். சித்திக்கு மாரியம்மன் தாலாட்டு சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

ஒரு விஷயம் மட்டும் அந்தப் பெண்ணிடம் இப்போதே பேசிவிடு. இங்கே மலேசியாவில் பிறப்புப் பதிவில் பொதுவாக அப்பாவின் இனம்தான் பிள்ளைக்கு ஏறும். சிங்கப்பூரில் 2011 முதல் அப்பா, அம்மா இருவரின் இனத்தையும் சேர்த்துப் பதியலாம். என் பிள்ளைகள் இருவரும் தாளில் சீனர்கள். முதல் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைக் கையில் வாங்கியபோது, சுமந்து பெற்ற எனக்கு அதில் இடமே இல்லாதது போல இருந்தது. உன் வீட்டில் அந்த வருத்தம் அவளுக்கு வரும். திடீரென்று வர விடாதே.

சரி, அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். பெண் வீட்டுக்குப் பரிசாகச் சித்தி பெரிய சுவர்க்கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறாராம். மாண்டரின் சீன மொழியில் 'கடிகாரம் கொடுப்பது' என்பதும் 'இறுதிக்கடன் செய்வது' என்பதும் ஒரே மாதிரி ஒலிக்கும். கடைக்குப் போய் ரைஸ் குக்கராக மாற்றிக்கொண்டு வா. பில்லைச் சித்தி தூக்கிப் போட்டிருக்க மாட்டார், சாமி படத்துக்குப் பின்னால் பார்.

உன் அக்கா,
கிள்ளான்