பிஸ்மத் ஃபெரைட் பேப்பர் போடுற கைடுகளுக்கும், அதை ரிவ்யூ பண்றவங்களுக்கும்

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஒரு ரிசர்ச் ஸ்காலர். மூணு வருஷமா பிஸ்மத் ஃபெரைட்டோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், மின் குணமும் காந்த குணமும் ஒண்ணா இருக்கற பொருள் அது, நைட்ரேட், சிட்ரிக் ஆசிட், மஃபில் ஃபர்னஸ்னு ஓடுது பொழப்பு, சூட்டுல பிஸ்மத் ஆவியாயிடும்னு கொஞ்சம் எக்ஸ்ட்ரா போட்டா ஒரு வேண்டாத ஃபேஸ் வருது, போடலன்னா இன்னொண்ணு வருது.

போன மாசம் ஒரு பெல்லட்டுக்கு ரெண்டு பக்கமும் சில்வர் பேஸ்ட் தடவி, வோல்டேஜை ஏத்தி இறக்கினா சார்ஜ் எப்படி மாறுதுன்னு காட்டுற லூப் எடுத்தேன். நுனி ரெண்டும் உருண்டு, குண்டா வந்துச்சு, சாச்சுரேட் ஆகவே இல்ல. பாத்ததுமே தெரியும் அது லீக்கேஜ்னு, அதாவது பெல்லட் வழியா கரண்ட் கசியுதுன்னு. கைடு என்ன சொன்னார்? "ஃபெரோஎலக்ட்ரிக் வந்துடுச்சு, எழுதிடு." ஃபெரோஎலக்ட்ரிக்னா, பிளஸ் மைனஸ் சார்ஜ் தானாவே விலகி நிக்கும் (அதுதான் போலரைசேஷன்), மின்புலம் வெச்சா அது திரும்பும். 2008ல இயற்பியலாளர் ஜே.எஃப். ஸ்காட், ஃபெரோஎலக்ட்ரிக்கே இல்லாத வாழைப்பழத் தோல்ல நெசமாவே சில்வர் பேஸ்ட் போட்டு இதே மாதிரி லூப் எடுத்து காட்டிட்டார் சார். பிஸ்மத் ஃபெரைட் சுமார் 830 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஃபெரோஎலக்ட்ரிக்தான், அதுல சந்தேகமில்ல. என் லூப் அதை காட்டலைங்கறதுதான் பிரச்சனை.

அடுத்தது இந்த "கப்ளிங்", அதாவது மின் குணமும் காந்த குணமும் ஒண்ணை ஒண்ணு பாதிக்கறது. இதுல போலரைசேஷன் பிஸ்மத்தால வருது, காந்தம் இரும்பால வருது, அதுவும் சுமார் 370 டிகிரியிலயே போயிடும். ஒரே வீட்ல ரெண்டு அடுப்பு. ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்கு படவே படாதுன்னு சொல்லல, 2006ல மின்புலம் வெச்சு இதோட படலத்துல காந்த டொமைனையே திருப்பியிருக்காங்க. ஆனா ரெண்டும் இருக்குன்னு காட்டிட்டு கப்ளிங்னு தலைப்பு வெக்கிறது எப்படி? 2003ல கிமுரா குழு டெர்பியம் மாங்கனைட்ல காட்டினாங்களே, 28 கெல்வினுக்கு கீழ போலரைசேஷன் வருது, காந்தப்புலம் வெச்சா அது 90 டிகிரி திரும்புது. அங்க ஸ்பின், அதாவது அணுக்களோட குட்டி காந்தம், சுருளா சுத்துது, அந்த சுருளாலதான் போலரைசேஷனே பொறக்குதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. துளியூண்டு போலரைசேஷன்தான், ஆனா அங்க அடுப்பு ஒண்ணு.

காந்தப்புலத்துல கெப்பாசிட்டன்ஸ் மாறினதும் கப்ளிங்னு எழுதிடுறோம். வெறும் ரெசிஸ்டன்ஸ் மாறினாலே அப்படி தெரியும்னு 2006லயே கேட்டலான் சொல்லிட்டார்.

ரிவ்யூ பண்றவங்களே, லூப் பக்கத்துல லீக்கேஜ் டேட்டா கேளுங்க. பண்ட் (PUND) மெஷர்மென்ட் கேளுங்க, ஒரே திசையில ரெண்டு பல்ஸ், ரெண்டாவதுலயும் அதே சார்ஜ் வந்தா அது ஸ்விட்சிங் இல்ல, வேற சமாச்சாரம். அரை நாள் வேலைதான்.

என் பேப்பரும் உங்கள்ல யாரோ ஒருத்தர்கிட்ட வரும். அந்த லூப்தான் நாலாவது படம். தயவுசெஞ்சு கேளுங்க.